கொல்லையில் பறவைக்கும் பங்கு உண்டு

வீட்டுத்தோட்டத்துக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று விவசாயிகள் என்னிடம் கேட்பதுண்டு. நானும் ஒருமுறை அடித்தவன்தான். அவரைக் கொடியில் அசுவினி கண்டதும் பூச்சிக்கொல்லி தெளித்தேன். பக்கத்து எலுமிச்சையில் இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்த தையல்சிட்டு, குஞ்சுகளுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும் என்பதை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் கூட்டில் சத்தம் இல்லை. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் மனம் உறுத்தியது.

இப்போது அசுவினி கண்ட நுனியைக் கிள்ளி அழிக்கிறேன். மிஞ்சினால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதுவும் மாலையில் மட்டும்.

சருகையும் எரிப்பதில்லை. ஐப்பசியில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி அதைக் கிளறித்தான் இரை தேடுகிறது. மாசியில் முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். சித்திரை வெயிலில் ஒரு மண்சட்டித் தண்ணீருக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டமே இறங்கும். காலையில் பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதே தனிச் சுகம்.

கிளியும் அணிலும் நாலு கொய்யாவைக் கடிக்கும், கடிக்கட்டும். கொல்லைக் காய் சந்தைக்குப் போவதில்லை, நம் பிள்ளைகள் தட்டுக்கு வருகிறது. குஞ்சுக்கு ஆகாத மருந்து அவர்களுக்கு மட்டும் எதற்கு? ஒரு மூலையில் சருகும் ஒரு சட்டித் தண்ணீரும் விட்டுவையுங்கள்.