சம்பளம் இல்லாமல் தீயணைக்கப் போகிறவனுக்கு என்ன லாபம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்கள் இப்போதாவது முழுதாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவனின் அம்மா போன் செய்தார். பையன் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், இரண்டு குழந்தைகள். அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டானாம். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ ஒரு கருவி கத்துதாம் சார். எந்திரிச்சு ஓடுறானாம். பைசா சம்பளம் கிடையாதாம். நீங்க சொன்னா கேப்பான், வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

பெயர் சொல்லாமல் இந்தச் செய்தியை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்று விதமான பதில்கள் வந்தன. "கிரீன் கார்டுக்கு ஏதாவது உதவுமோ?" என்று ஒருவர். "யூனிபார்ம் போட்டு போட்டோ எடுத்துக்கத்தான்" என்று இன்னொருவர். மூன்றாமவர் "தன்னலமற்ற தியாகி" என்று கைகூப்பும் படம் போட்டார். மூவரும் கேட்டது ஒரே கேள்விதான்: அவன் மனதில் என்ன இருக்கிறது?

நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது அல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அங்கே நிலைமை என்ன என்று தெரிந்துகொள்வோம். நம் ஊரில் தீயணைப்பு என்றால் அரசுத் துறை. மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை, சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் படை. பெரிய நகரங்களில் சம்பளப் படை, சிறிய ஊர்களில் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்நாட்டின் சுமார் பத்து லட்சம் தீயணைப்பு வீரர்களில் 65 சதவீதம் பேர் தன்னார்வலர்கள்தான். ஜெர்மனியிலும் இப்படித்தான், ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலோ தலைநகர் சாண்டியாகோ உட்பட நாடு முழுக்கத் தீயணைப்பது தன்னார்வலர்களே. பகலில் மருத்துவராகவும் தச்சராகவும் கடைக்காரராகவும் இருப்பவர்கள் மணி அடித்தால் தீயணைப்பு வீரர்களாகிவிடுகிறார்கள். ஆக, நம் பையன் செய்வது வினோதமான காரியம் அல்ல. அந்த ஊரில் யாராவது அதைச் செய்தே ஆக வேண்டும்.

இப்போது கொஞ்சம் வரலாறு. வரலாற்று வாத்தியார் எழுதினால் இது இல்லாமல் இருக்குமா?

1736-ஆம் ஆண்டு டிசம்பரில் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்கினார். மின்னலையும் பட்டத்தையும் வைத்து நீங்கள் படித்த அதே பிராங்க்ளின்தான். சுமார் 30 பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் வீட்டில் தோல் வாளிகளும், பொருள்களை அள்ளிப் போட்டுக் காப்பாற்றக் கோணிப்பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். எங்கே தீப்பிடித்தாலும் அவற்றோடு ஓடிவர வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டம். வராவிட்டால் அபராதம். அந்த அபராதப் பணத்தில்தான் பின்னாளில் தீயணைப்பு இயந்திரமும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கினார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. "உன் மனது தூய்மையா?" என்று பிராங்க்ளின் யாரையும் கேட்கவில்லை. உன் வாளி எங்கே, கூட்டத்துக்கு வந்தாயா, இவ்வளவுதான் கேட்டார். என் வீடு எரிந்தால் நீ வருவாய், உன் வீடு எரிந்தால் நான் வருவேன். இதில் சுயநலம் இருக்கிறதா? நிச்சயமாக இருக்கிறது. நம் ஊரில் கல்யாண மொய் நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்கிறோமே, அதே கணக்குதான். மொய்யில் சுயநலம் இருப்பதால் எந்தக் கல்யாணமும் நின்றுபோகவில்லை.

நோக்கம் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் அதே வரலாறு சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் தன்னார்வப் படைகள் ஒன்றோடொன்று போட்டி போட ஆரம்பித்தன. யார் முதலில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்பதில் கைகலப்பு. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது தெருவில் அடிதடி. வீரம், பெருமை, ஊர்ப்பற்று எல்லாம் அவர்களிடம் நிறையவே இருந்தன. கட்டுப்பாடு மட்டும் இல்லை. அதனால்தான் 1853-இல் சின்சினாட்டியும் 1865-இல் நியூயார்க்கும் சம்பளப் படைக்கு மாறின. தானே தீவைத்துவிட்டு, அணைப்பதற்கு முதல் ஆளாக ஓடிவந்து பெயர் வாங்கப் பார்த்தவர்களும் இருந்திருக்கிறார்கள். இன்று பல ஊர்களில் சேரும்போதே பின்னணி விசாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, நோக்கம் முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நோக்கத்தை வெளியிலிருந்து அளக்க முடியாது. பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறானா, சொன்ன இடத்தில் நிற்கிறானா, பாராட்டு கிடைக்காத வேலையையும் செய்கிறானா என்பதை அளக்கலாம். தீவைக்கும் எண்ணத்தோடு வருபவனும், போட்டோவுக்கு மட்டும் வருபவனும் இந்தச் சல்லடையில் பெரும்பாலும் சிக்கிவிடுவார்கள். ஏனென்றால் அந்த வேலையில் பெரும்பகுதி தீயே இல்லை. தானாக அடித்த எச்சரிக்கை மணி, சாலை விபத்து, கேஸ் வாசனை, மழைநீர் புகுந்த கீழ்த்தளம். திரும்பி வந்து ஹோஸைக் கழுவிக் காயவைத்துச் சுருட்ட வேண்டும். இதையெல்லாம் எவன் போட்டோ எடுப்பான்?

அந்தப் பையனிடமே கேட்டேன். "ஏன்டா சேர்ந்தே?" சிரித்துவிட்டுச் சொன்னான்: "உண்மையைச் சொல்லணும்னா சார், மொதல்ல போனது ஆள் பழக்கத்துக்குத்தான். அஞ்சு வருஷமா அந்தத் தெருவுல இருக்கேன், ஒருத்தர் பேர்கூடத் தெரியாது. இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வீட்டுக் கதவை வேணாலும் தட்டலாம்." தனிமைக்காகப் போனான். இப்போது ஊருக்காகப் போகிறான். எதற்காகச் சேர்ந்தோம் என்பதும் எதற்காகத் தொடர்கிறோம் என்பதும் வேறு வேறு. நானே பி.எட். படித்தது குழந்தைகளுக்காக அல்ல, அரசு வேலைக்காக. அதனால் உங்களுக்கு நான் நடத்திய பாடம் குறைந்துபோயிற்றா என்ன?

ஊர்களுக்கும் இதே நியாயம்தான். ஒரு சிறிய ஊரிடம் இரண்டு மூன்று வண்டிகள்தான் இருக்கும். பெரிய தீ என்றால் பக்கத்து ஊர்ப் படைகளும் வருகின்றன. பல இடங்களில், வீடு எரிகிறது என்று தகவல் வந்த உடனேயே இரண்டு மூன்று ஊர்களுக்குச் சேர்த்தே அழைப்பு போய்விடும். ஒரு ஊரின் வண்டிகள் தீயில் மாட்டிக்கொண்டால், மூன்றாவது ஊரின் வண்டி வந்து அந்தக் காலி நிலையத்தில் காவல் நிற்கும். உள்ளே போன வீரர்கள் சிக்கிக்கொண்டால் மீட்பதற்கென்றே ஒரு குழு வெளியே தயாராக நிற்கும். அதுவும் பல நேரம் பக்கத்து ஊர்க் குழுதான். சாதாரணமாக இதற்கெல்லாம் யாரும் யாருக்கும் பில் அனுப்புவதில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு. மறுபடியும் மொய் நோட்டு.

ஆனால் நல்ல மனது மட்டும் போதாது என்பதற்கு மறக்க முடியாத ஒரு சாட்சி உண்டு. 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பால்டிமோர் நகரில் பெருந்தீ. வாஷிங்டனிலிருந்து ரயிலில் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களில் பலருடைய ஹோஸ் பால்டிமோரின் தெருக் குழாயில் பொருந்தவில்லை! ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு ஒரு மரை வைத்திருந்தது. ஆள் இருந்தது, இயந்திரம் இருந்தது, உயிரைக் கொடுக்கும் துணிச்சலும் இருந்தது. தண்ணீரை ஹோஸுக்குள் கொண்டுவர வழியில்லை. சுமார் 30 மணி நேரத்தில் 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதன் பிறகுதான் நாடு முழுவதற்கும் ஒரே அளவு மரை வேண்டும் என்று விதி வகுத்தார்கள். உதவி செய்ய நினைத்தால் மட்டும் போதாது, முன்கூட்டியே உட்கார்ந்து பேசி மரையைப் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். இதைக் குடும்பங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் ஒன்று. 2010-இல் டென்னசி மாநிலத்தின் சவுத் ஃபுல்டன் ஊருக்கு வெளியே ஒரு வீடு தீப்பிடித்தது. நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால்தான் நகரத் தீயணைப்புப் படையின் சேவை கிடைக்கும் என்பது அப்போதைய விதி. அந்த வீட்டுக்காரர் கட்டவில்லை. பணம் கட்டியிருந்த பக்கத்து இடத்தைக் காக்கப் படை வந்தது. அந்த வீடு எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றது. பணம் கட்டாதவனுக்கும் அணைத்தால் அடுத்த ஆண்டு யார் கட்டுவார்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, தொகையை எல்லோரிடமும் வரியாக வாங்குவது, அல்லது முதலில் அணைத்துவிட்டுப் பிறகு பில் அனுப்புவது. ஹோஸ் பிடிக்கத் தெரிந்தவனைச் சும்மா நிற்கவைக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடாக இருக்க முடியாது.

இப்போது அந்த அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். அதை லேசாக எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிறிய ஊரில் உரக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க ஓடினார்கள். உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். அப்படிப்பட்ட தீயை விட்டு விலகி ஊரைக் காலி செய்வதுதான் வீரம் என்பதைப் பயிற்சிதான் சொல்லித்தர முடியும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பணியில் இறக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பெரும் பங்கினரைக் கொல்வது நெருப்பு அல்ல, மாரடைப்பு.

அதனால் அந்த அம்மாவிடம், "வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள்" என்றேன். பயிற்சியை முழுதாக முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாயா? ஆண்டுதோறும் இதயப் பரிசோதனை உண்டா? உனக்கு ஏதாவது ஆனால் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என்ன பாதுகாப்பு? பணியில் இறப்பவர்களின் குடும்பத்துக்கான மத்திய அரசு உதவித் திட்டம் அங்கே தன்னார்வலர்களுக்கும் உண்டு. அதன் விதிகளையும் தன் படையின் காப்பீட்டையும் அவன் படித்திருக்க வேண்டும். மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் ஆசீர்வாதம் செய்யுங்கள். பதில் இல்லையென்றால், அது வரும்வரை வண்டி ஓட்டட்டும், போக்குவரத்தைப் பார்க்கட்டும், உள்ளே நுழைய வேண்டாம்.

அங்கே இன்னொரு கவலையும் இருக்கிறது. 1980-களின் நடுவில் சுமார் ஒன்பது லட்சமாக இருந்த தன்னார்வலர்கள் 2020-இல் ஏழு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். வேலை வெளியூரில், பயிற்சி நேரம் அதிகம், வயதானவர்கள் விலகுகிறார்கள். அந்த இடத்தில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் நிற்கிறான் என்றால் எனக்குப் பெருமைதான்.

நம் ஊருக்கு இதில் என்ன பாடம்? அவர்களை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. நமக்குச் சம்பளத் துறை இருப்பது நல்லது, அதை அரசு பலப்படுத்த வேண்டும். தொண்டர்கள் இருக்கிறார்களே என்று அரசு கைகழுவ இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் 101-ஐ அழைத்த பிறகு வண்டி வரும்வரை உள்ள அந்த முதல் பத்து நிமிடம் நம் கையில்தான் இருக்கிறது. 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 குழந்தைகள். ஆசிரியராக இருந்த யாரும் அந்தத் தேதியை மறக்க முடியாது. நம் மக்களிடம் ஓடிவரும் மனது எப்போதும் இருக்கிறது. ஓடிவந்து என்ன செய்வது என்ற பயிற்சிதான் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ தொங்கும் சிவப்பு சிலிண்டரை இந்த வாரம் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் தேதியையும், பின்னை எப்படி இழுப்பது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் இதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிவிபத்தில் இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது நடக்கிறது. அப்போது நிலையங்களில் செயல்விளக்கம் காட்டுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று, தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மாலை உட்காருங்கள். யார் வீட்டில் படுக்கையில் முதியவர் இருக்கிறார், மெயின் சுவிட்ச் எங்கே, தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி இருக்கிறதா என்று பேசிவையுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் பெருமைக்காக வருவார், ஒருவர் டீ வடைக்காக வருவார், ஒருவர் பொண்டாட்டி திட்டியதால் வருவார். வரட்டும். வாளியைக் கையில் கொடுங்கள். காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்