அட்டையில் ஒரு டக்கோட்டா

பழனிக்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பாலசமுத்திரம் என்னும் பேரூர் உள்ளது. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர் அது. அவ்வூரில் பயிலும் மாணவன் ஒருவனுக்கு ஆகாய விமானத்தின்மேல் ஆசை பிறக்கின்றது என்று கொள்வோம். ஆசை பிறப்பதற்கு விமான நிலையம் அருகில் இருத்தல் வேண்டும் என்பதில்லை. தலைக்கு மேலே வானம் இருந்தால் போதும். பறக்கும் விமானத்தைக் கண்டு வியந்தவன், அதனைப் போன்ற சிறிய உருவம் ஒன்றைத் தன் கையாலேயே செய்து மேசைமேல் நிறுத்த விரும்புகின்றான். அவன் என்ன செய்வான்?

"அதெல்லாம் பணம் படைத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு; நமக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் பலர் கூறிவிடுவர். அவர்கள் கூற்றுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாதிரி விமானத்துக்கு வேண்டிய பகுதிகளை எல்லாம் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் அடைத்து அயல்நாட்டு நிறுவனங்கள் விற்கின்றன. அத்தகைய பெட்டி ஒன்றின் விலை நம் நாட்டில் ஆயிரம் ரூபாயை எளிதில் தாண்டிவிடும். பசை, வண்ணம், தூரிகை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு தனி. நாட்கூலி பெற்றுக் குடும்பம் நடத்தும் தந்தையிடம் இதனைக் கேட்பது முறையாகுமா? ஆகாது. ஆயினும், பெட்டி வாங்க இயலாதவனுக்கு இக்கலையில் இடமில்லை என்னும் முடிவை யான் ஒப்புக்கொள்ளேன். பெட்டி வாங்காதவனே இக்கலையின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்கின்றான் என்று கூறவும் துணிவேன்.

முதலில், விளையாட்டுப் பொருளுக்கும் மாதிரிக்கும் உள்ள வேற்றுமையை உணர்தல் வேண்டும். தைப்பூசத் திருவிழாக் கடையில் தொங்கும் விமானத்துக்கு இறக்கை இரண்டு இருந்தால் போதும். அது எந்த விமானம் என்று வாங்குவோரும் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. மாதிரி அத்தகையதன்று. உண்மை விமானத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் குறுக்கிக் காட்டுவதே மாதிரி. மாதிரி செய்வோர் பெரிதும் கையாளும் விகிதம் எழுபத்திரண்டில் ஒன்று. ஏன் எழுபத்திரண்டு? ஆறடி உயரமுள்ள மனிதனை ஓர் அங்குலமாகக் குறுக்கிப் பாருங்கள். விடை தானே கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு விமானத்தைக் கொள்வோம். அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனத்தார் டி.சி.3 என்னும் பயணியர் விமானத்தை உருவாக்கினர். அது 1935 டிசம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதனையே படைத்துறைக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தனர். மாற்றி அமைத்த விமானத்தை ஆங்கிலேயர் டக்கோட்டா என்று அழைத்தனர். நம் நாட்டிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அதன் இறக்கை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஏறத்தாழ 29 மீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் 40 சென்டிமீட்டர் ஆகின்றது. நீளம் ஏறத்தாழ 19.6 மீட்டர், மாதிரியில் 27 சென்டிமீட்டர். எஞ்சினின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். மாதிரியில் 17 மில்லிமீட்டர். பையில் உள்ள அளவுகோலும் ஆறாம் வகுப்பில் கற்ற வகுத்தலும் போதும். இவ்வாறு ஐம்பது அறுபது அளவுகளைக் கணக்கிட்டவன் அந்த விமானத்தை மறப்பானா? பெட்டி வாங்கியவனுக்கோ இக்கணக்கு முழுவதையும் வேறொருவர் செய்து முடித்துவிட்டார்.

அளவுக்கு விமானத்தின் படம் வேண்டும். மேலிருந்தும், பக்கத்திலிருந்தும், முன்னிருந்தும் பார்த்தவாறு வரைந்த முப்பார்வைப் படங்கள் இன்று பள்ளிக் கணினியிலோ வீட்டுக் கைப்பேசியிலோ விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு படத்தை மட்டும் நம்பிவிடலாகாது. வரைந்தவரும் பிழை செய்வர். உண்மை விமானத்தின் நிழற்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வெட்டத் தொடங்க வேண்டும்.

இனிப் பொருள்களைக் காண்போம். பாலசமுத்திரத்தில் மாதிரி விமானப் பெட்டி விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டா. திருமண அழைப்பிதழ்கள் எல்லா வீடுகளிலும் குவிந்து கிடக்கின்றன. நல்ல அழைப்பிதழின் அட்டை வழவழப்பானது, மடித்தால் நேராக மடியும், வெட்டினால் பிசிறாது. விமானத்தின் உடல் ஏறத்தாழ உருளை வடிவம் உடையது. ஆகவே, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக அந்தந்த இடத்தின் குறுக்குவெட்டை அட்டையில் வட்டமாக வெட்டி, நடுவே ஒரு மூங்கில் குச்சியில் கோத்து நிறுத்த வேண்டும். பார்வைக்கு அது மீன்முள்போல் இருக்கும். அதன்மேல் மெல்லிய தாள் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டி, உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் உடல் உருப்பெறும். இறக்கைக்குள் விறைப்புக்குத் தென்னை ஈர்க்கைப் பொதியலாம். எஞ்சின் கூட்டுக்கு 17 மில்லிமீட்டருக்குச் சற்று அகன்ற புட்டி மூடி ஒன்றைத் தேடுக. அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள மூடிகளை எல்லாம் அளந்து பார்ப்பதே ஓர் இன்பம். பழைய சட்டையின் பொத்தான்களை இரண்டிரண்டாக ஒட்டினால் சக்கரம் ஆகும். எறியப்பட்ட பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் மூன்று இதழ்ச் சுழல்விசிறி வெட்டலாம். கூரிய கத்தி கொண்டு வெட்டும்போது பெரியவர் ஒருவர் உடன் இருப்பது நன்று.

வளைவு மிக்க மூக்குப் பகுதிதான் கடினமானது. அட்டை அங்கே பணியாது. அயல்நாட்டார் இதற்குப் பால்சா என்னும் இலகுவான மரத்தைப் பயன்படுத்துவர். நமக்குச் சோளத்தட்டை இருக்கின்றது! அதன் தோலை உரித்தால் உள்ளே வெண்மையான நெட்டி கிடைக்கும். நம் ஊர்ச் சிறுவர்கள் நெடுங்காலமாக அதில் வண்டி செய்து விளையாடி வந்தவர்களே. தஞ்சைக் கைவினைஞரோ நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் செதுக்கிப் பெரிய கோயிலின் விமானத்தையே செய்து காட்டுகின்றனர். அத்தஞ்சை நெட்டி வேலைக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் விமானத்தைச் செய்ய வல்ல நெட்டியில் ஆகாய விமானத்தின் மூக்கைச் செய்ய முடியாதா?

இங்கே ஓர் எச்சரிக்கை கூற விரும்புகின்றேன். செலவைக் குறைத்தோம் என்பதற்காக ஒருவன் செய்த கோணல் விமானம் பாராட்டுக்கு உரியதாகிவிடாது. பணத்தில் எவ்வளவு சிக்கனமும் செய்யலாம். அளவில் செய்தல் கூடாது. "அட்டைதானே, இதற்கு மேல் வராது" என்று கூறுபவன் தன் சோம்பலை அட்டையின்மேல் ஏற்றுகின்றான். ஆனால் குறை மாணவரிடம் மட்டும் இல்லை. பள்ளிக் கண்காட்சிகளில், விலைக்கு வாங்கி ஒட்டிய பளபளப்பான விமானத்துக்கு முதற் பரிசும், ஒரு மாதம் உழைத்துச் செய்த அட்டை விமானத்துக்கு ஆறுதற் பரிசும் கொடுப்பதைக் காண்கின்றோம். நடுவர்கள் வண்ணத்தைப் பார்க்கின்றனர், வினாவை விட்டுவிடுகின்றனர். "இது எத்தனையில் ஒன்று? இந்த இறக்கையின் அளவு உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்னும் இரண்டு வினாக்களைக் கேட்டால் பரிசு போகவேண்டிய இடம் விளங்கிவிடும். இவ்வழக்கம் மாறாத வரையில், ஏழை மாணவன் தன் கையை நம்புவதற்கு நாமே தடையாக நிற்கின்றோம்.

அளவின் அருமையை மற்றொரு வழியிலும் காட்டலாம். சுமை ஏற்றிய டக்கோட்டாவின் எடை ஏறத்தாழ 11,000 கிலோகிராம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு மாதிரியின் எடை என்னவாக இருத்தல் வேண்டும்? எழுபத்திரண்டால் ஒருமுறை வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறுகுகின்றன. ஆதலின் மூன்று முறை வகுத்தல் வேண்டும். விடை 30 கிராம்! ஒரு சிறு எலுமிச்சம்பழத்தின் எடை. இறக்கையின் பரப்போ இரண்டு முறை வகுத்த அளவுக்கே குறைகின்றது. சிறிய பூச்சி எளிதில் பறப்பதற்கும், பெரிய பறவை ஓடி எழுவதற்கும் இக்கணக்கும் ஒரு காரணமாகும்.

இக்கணக்கைப் பொருட்படுத்தாமல் பெரும்பொருள் இழந்தவர்களும் உண்டு. அமெரிக்க அறிஞர் லாங்லி 1896இல் நீராவியால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு பறக்கவிட்டார். பின்னர் அமெரிக்க அரசு அளித்த 50,000 டாலர் கொண்டு, ஆள் ஏறும் பெரிய விமானத்தைச் செய்தார். 1903ஆம் ஆண்டில் அது இருமுறையும் ஆற்றில் விழுந்தது. மாதிரியை நான்கு மடங்கு நீட்டினால் எடை அறுபத்து நான்கு மடங்கு ஆகும். அதற்கு ஏற்ற உறுதி அந்தச் சட்டங்களில் இல்லை என்பர். அதே டிசம்பரில், ஒன்பது நாள் கழித்து, சைக்கிள் கடை நடத்திய ரைட் உடன்பிறந்தார் பறந்தனர். அவர்கள் 1901இல் ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றில் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ இருநூறு சிறிய இறக்கை மாதிரிகளை ஆராய்ந்தவர்கள். காற்றின் விசையை அளக்கும் கருவியை இரம்ப அலகுத் துண்டுகளாலும் சைக்கிள் கம்பிகளாலும் தாமே செய்துகொண்டனர். அவர்களுடைய மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. அவர்கள் பறந்த நாள் டிசம்பர் 17, டி.சி.3 பறந்ததும், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், அதே நாளில்தான்.

இக்கலையில் மாற்றிச் செய்தல் என்றொரு பிரிவு உண்டு. ஒரு விமானத்தின் மாதிரியைச் சிறிது வெட்டியும் கூட்டியும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு விமானமாக்குதலே அது. சிக்கனத்துக்கு இதனினும் நல்ல வழி இல்லை. டி.சி.3க்காக வெட்டிய அட்டை வட்டங்களின் அச்சைத் தாளில் வரைந்து வைத்திருந்தால், அடுத்த விமானத்துக்கு மீண்டும் கணக்கிட வேண்டா. பயணியர் விமானத்தில் உள்ளது சிறிய கதவு. டக்கோட்டாவாக்க வேண்டுமாயின், இடப்புறத்தின் பின்பகுதியில் சரக்கு ஏற்றும் அகன்ற இரட்டைக் கதவு அமைத்தல் வேண்டும். செலவு அரைத் துண்டு அட்டை.

கதவை மாற்றியவனுக்கு அடுத்து ஒரு வினா எழும். இது எந்த ஆண்டின் டக்கோட்டா? 1947 அக்டோபர் 27இல் சீக்கியப் படைவீரர்களை ஏற்றிச் சென்று ஸ்ரீநகரில் இறக்கிய டக்கோட்டாவின் எண் வி.பி.905. பழைய டக்கோட்டா ஒன்றைச் சீர்செய்து 2018இல் நம் விமானப் படையிடம் ஒப்படைத்தபோது, அதற்கும் அதே எண்ணை இட்டனர். 1947ஆம் ஆண்டின் விமானத்தைச் செய்பவன் இன்றுள்ள மூவண்ண வட்டத்தை இறக்கையில் தீட்டினால் அது பிழை. அவ்வட்டம் நாடு குடியரசான பின்னர் வந்தது. அதற்கு முன் அசோகச் சக்கரத்தைப் பொறித்திருந்த காலமும் உண்டு. ஒரு காசளவு வட்டத்தைத் தீட்டுவதற்காக வரலாற்று நூலைத் திறக்கின்றானே, அம்மாணவனைப் பொழுதை வீணாக்குகின்றான் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

கைவசம் உள்ளதைக்கொண்டு விமானம் செய்தல் சிறுவர் செயலன்று. நம் நாடே ஒருகால் அவ்வாறு செய்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பல கான்பூரில் கைவிடப்பட்டன. பிறர் எடுத்துப் பறக்காதவாறு அவற்றைச் சிதைத்துவிட்டே பிரித்தானியப் படையினர் சென்றனர். விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றேனும் இல்லை. புதியன வாங்கப் பணமும் இல்லை. பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் தொழில்நுட்பத்தினர் அந்தக் குவியலுக்குள் இறங்கினர். ஒன்றின் இறக்கையை மற்றொன்றுக்கும், ஒன்றின் சக்கரத்தை வேறொன்றுக்கும் பொருத்திப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர். தொழிற்சாலையின் விமானியாகிய ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே முழுமையாகப் புதுக்கப்பெற்று, ஏறத்தாழ நாற்பது விமானங்கள் 1948 முதல் விமானப் படையில் சேர்ந்தன. 1968ஆம் ஆண்டின் இறுதி வரை அவை பறந்தன. அதற்குள் மற்ற நாடுகளில் லிபரேட்டர்கள் பெரும்பாலும் உருக்குலைக்கப்பட்டு மறைந்துவிட்டன. ஆகவே, அவ்வினத்தில் ஒன்றைத் தம் அருங்காட்சியகத்தில் வைக்க விரும்பியபோது, அமெரிக்கரும் பிரித்தானியரும் இந்தியாவிடமிருந்தே அதனைப் பெற்றுச் சென்றனர்.