40 சென்டா? ஒரு ஏக்கரா?

மதுரைப் பக்கம் நிலம் விற்கிறவரும் வாங்குகிறவரும் பேசுவது சென்ட் கணக்கு. பட்டாவில் இருப்பதோ ஹெக்டேர் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் ஏமாறுகிறவர்கள் உண்டு.

மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கத்துக் கிராமப் பட்டாவை எடுத்தாலும் ஹெக்டேர், ஏர் என்றுதான் பரப்பு போட்டிருக்கும். இது உழுகிற ஏர் அல்ல, நில அளவு. 100 ஏர் சேர்ந்தது ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் சுமார் இரண்டரை சென்ட்.

பட்டாவில் "0 - 40.50" என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். அதை 40 சென்ட் என்று நினைத்து விலை பேசினால் என்ன ஆகும்? அது உண்மையில் 100 சென்ட். அதாவது ஒரு ஏக்கர்! 60 சென்ட் சும்மா போய்விடும். பழைய பத்திரத்தில் ஒரு ஏக்கர், பட்டாவில் 40 என்று பார்த்தால், "மீதி எங்கே?" என்று அண்ணன் தம்பிக்குள் சண்டையும் வரும்.

ஏன் இந்தக் குழப்பம்?

1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. அணாவில் பழகியவர்கள் திண்டாடினார்கள். நாளடைவில் அணாக் காசு போயிற்று. அந்தக் கணக்கும் போயிற்று. நிலம் அப்படி அல்ல. தாத்தா காலத்துப் பத்திரம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் உள்ளது ஏக்கர், சென்ட்தான்.

சுலபமான வழி

ஏரை இரண்டரையால் பெருக்க வேண்டும். வந்த தொகையில் நூற்றுக்கு ஒன்று கழிக்க வேண்டும். 20 ஏர் என்றால் 50. அதில் அரை கழித்தால் 49½ சென்ட்.

அச்சாரம் கொடுப்பதற்கு முன்பு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் பட்டாவைக் கொடுத்தால் போதும். ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.