பக்ராவைக் காண்போர் அறிய வேண்டியது

தென்மேற்கு தில்லியின் துவாரகா நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஹரியாணாவின் முனக் கால்வாய் வழியே தண்ணீர் வருகிறது. ஹரியாணா வழியாகத் தில்லி பெறும் நீரில் பக்ரா அணைக்கும் பங்கு உண்டு.

சட்லெஜ் நதியின் குறுக்கே 226 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட இந்த அணையை, 1963 அக்டோபர் 22-ஆம் தேதி பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். நீர்மின் உற்பத்தியிலும் பாசனத்திலும் வட மாநிலங்களின் தலையெழுத்தை மாற்றிய அணையையும், அதன் நீர்த்தேக்கமான கோவிந்த் சாகரையும் காண மக்கள் விரும்புவது இயல்பே. பாதுகாப்பு கருதிக் கட்டுப்பாடுகள் விதிப்பதிலும் தவறில்லை.

ஆனால், அந்த அழகிய நீர்ப்பரப்பின் அடியில்தான் பழைய பிலாஸ்பூர் நகரம் கிடக்கிறது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது அதன் கோயில்கள் வெளிப்படுகின்றன. மேட்டூர் அணையில் நீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுவதை அறிந்த தமிழர்களுக்கு இது புதிதல்ல. வெளியேற்றப்பட்டவர்களில் பலர் ஹரியாணாவின் ஹிசார், சிர்சா பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். ஹிமாசலத்திலேயே தங்கியவர்களின் நில உரிமைக் கோரிக்கைகள் தலைமுறை கடந்தும் ஓயவில்லை.

அணையை நிர்வகிக்கும் பக்ரா பியாஸ் மேலாண்மை வாரியம் மத்திய மின்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. எனவே, மத்திய அரசு தட்டிக்கழிக்க முடியாது. அணையின் பெருமை பேசப்படும் இடத்திலேயே மூழ்கிய ஊர்களின் பெயர்களும் பொறிக்கப்பட வேண்டும். சுற்றுலா வருவாயில் ஒரு பகுதியை அம்மக்களுக்கு ஒதுக்குவதுடன், நில உரிமைப் பிரச்னைக்கு மாநில அரசுடன் இணைந்து தீர்வும் காண வேண்டும்.

இதை நாடாளுமன்றத்தில் வலியுறுத்தும் கடமை தில்லி உறுப்பினர்களுக்கும் உண்டு. பக்ராவின் நீரைப் பருகும் நகரமல்லவா இது?