தீர விசாரிப்பதே மெய்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. அண்டை வீட்டுச் செய்திக்கு மட்டுமன்று, பல கோடி மைல்களுக்கு அப்பாலுள்ள கோள்களுக்கும் இது பொருந்தும். கே2-18 பி என்னும் கோளின் கதை இதற்கு நல்ல சான்று.

முப்பட்டகத்தின் வழியே வெயிலைச் செலுத்தினால் ஏழு நிறங்கள் விரிவதை நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். அதுவே நிறமாலை. 1814-ஆம் ஆண்டில் ஃபிரான்ஹோபர் என்ற ஜெர்மானியர் கதிரவனின் நிறமாலையை நுணுகி நோக்கியபோது, இடையிடையே பல கருங்கோடுகள் இருப்பதைக் கண்டார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களை உறிஞ்சிக்கொள்வதால் இக்கோடுகள் உண்டாகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல, கோடுகளைக் கொண்டு பொருளை அறியலாம். ரோமாபுரியில் வாழ்ந்த இயேசு சபைக் குருவான ஆஞ்சலோ செக்கி அடிகளார், 1860-களில் விண்மீன்களை அவற்றின் நிறமாலையைக் கொண்டே வகைப்படுத்தினார்.

இன்று இதே முறையால் பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் காற்றையும் ஆராய்கின்றனர். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும்போது, விண்மீன் ஒளியில் மிகச் சிறு பகுதி கோளின் வாயுமண்டலத்தின் ஊடே வருகிறது. அங்குள்ள வாயுக்கள் தம் அடையாளத்தை அவ்வொளியில் பதித்துவிடுகின்றன.

கே2-18 பி சுமார் 124 ஒளியாண்டு தொலைவில், சிம்ம விண்மீன் கூட்டத்தில் உள்ளது. பூமியைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு நிறையும், இரண்டரை மடங்கு விட்டமும் கொண்டது. அங்கே நீராவி இருப்பதாக, ஹபிள் தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு 2019-இல் இரு குழுவினர் அறிவித்தனர். உலகமே மகிழ்ந்தது. ஆனால் 2021-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அக்கோளை நோக்கியபோது கதை மாறியது. 2023-இல் வெளியான முடிவில் மீத்தேனும் கரியமில வாயுவும் தெளிவாகத் தெரிந்தன. நீராவிக்கோ உறுதியான சான்று இல்லை. ஹபிள் பார்த்த நிறப்பகுதியில் நீராவியும் மீத்தேனும் ஒன்றுபோலவே ஒளியை உறிஞ்சுவன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள அதுவே காரணமாயிற்று.

ஆராய்ச்சி பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. ஏறத்தாழ 100 ஒளியாண்டு தொலைவில், பூமியைப்போல் இருமடங்கு அகலமுள்ள ஜிஜே 9827 டி என்ற கோளிலும் ஹபிள் நீராவியின் தடயத்தைக் கண்டது. அங்கே வெப் தொலைநோக்கி அதை உறுதி செய்தது. நீராவி நிறைந்த வாயுமண்டலம் அது என்று 2024-இல் அறிவித்தனர். ஒன்றை மறுத்ததும் மற்றொன்றை நிலைநாட்டியதும் மறுபரிசீலனையே.

2025 ஏப்ரலில், இந்தியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்கும் நிக்கு மதுசூதனின் குழுவினர், கே2-18 பி-யில் டைமெத்தில் சல்பைடு அல்லது அதை ஒத்த ஒரு வாயுவின் அறிகுறி கிடைத்ததாகக் கூறினர். நம் பூமியில் இதனைப் பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. "உயிர் கண்டுபிடிக்கப்பட்டது!" என்று செய்தித்தாள்கள் முழங்கின. அக்குழுவினரோ, இது தற்செயலாக நேர்ந்திருக்க 1000-க்கு 3 வாய்ப்பு உண்டு, மேலும் ஆராய வேண்டும் என்றனர். கண்டுபிடிப்பு என்று சொல்ல அவ்வாய்ப்பு 10 இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்பது மரபு. அதே பதிவுகளை ஆராய்ந்த வேறு சிலர், சான்று போதாது என்றனர். உயிரற்ற வால்மீன் ஒன்றிலும் அதே வாயுவின் தடயம் கிடைத்துள்ளது.

இதனைப் படிக்கையில் நம் ஆய்வுக்கூடமே என் நினைவுக்கு வருகிறது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வரும்வரை எண்களைத் திருத்தி எழுதும் மாணவியர் எத்தனை பேர்! நானும் என் மாணவப் பருவத்தில் அப்படிச் செய்தவளே. குற்றம் மாணவியர் மீது மட்டுமன்று. 9.8 என்று எழுதியவளுக்கு முழு மதிப்பெண்ணும், 10.4 என்று உள்ளபடி எழுதியவளுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தருகிற ஆசிரியர்களாகிய நாமும், மதிப்பெண்ணை மட்டுமே கேட்கிற பெற்றோரும் அதில் பங்காளிகள். உலகப் புகழ்பெற்ற அறிஞர்கள் "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று அனைவரும் அறியக் கூறும்போது, பதினைந்து வயதுப் பெண் அதைச் சொல்ல ஏன் அஞ்ச வேண்டும்?

எனவே என் கருத்து இதுதான்: செய்முறைத் தேர்வில் சரியான எண்ணுக்கு அல்ல, உண்மையான எண்ணுக்கும், பிழை எங்கே நேர்ந்தது என்று தேடிய முயற்சிக்கும் மதிப்பெண் அளிப்போம்.

அன்பு மாணவியரே, 10.4 வந்தால் 10.4 என்றே எழுதுங்கள். பின்பு நூலின் நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள். நாளை உங்களில் ஒருத்தி தொலைதூரக் கோளொன்றின் நிறமாலையை ஆராயக்கூடும். அன்று அவள் சொல்லை உலகம் நம்ப வேண்டுமானால், இன்று அவள் குறிப்பேடு பொய் சொல்லாதிருக்கட்டும்.