தந்தை விட்டுச்சென்ற கார்: விற்பதா, புதுப்பிப்பதா?

குடும்பத் தலைவர் மறைந்தபின் வீடு, நிலம், நகை ஆகியவற்றைப் பற்றிய பேச்சு எப்படியோ ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அவர் ஓட்டிய பழைய கார் மட்டும் கொட்டகையில் அப்படியே நிற்கிறது. விற்றுவிடலாம் என்கிறார் மூத்த மகன். "அப்பா கைபட்ட வண்டியை அந்நியரிடம் கொடுப்பதா?" என்கிறார் இளையவர். வெளியூரில் வாழும் மகளை யாரும் கேட்பதில்லை. அன்னையார் வாய் திறப்பதில்லை. ஆண்டுகள் உருண்டோடுகின்றன. இத்தகைய குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களை மனத்தில் கொண்டே இம்மாதம் எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டாக, நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து நாட்டு டிரயம்ப் ஹெரால்டைத் தழுவி 1961 முதல் 1971 வரை அது இங்கே தயாரிக்கப்பட்டது. அக்காலத்தில் நம் சாலைகளில் பெரும்பாலும் மூவகைக் கார்களையே காண முடிந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து பியட், சென்னையிலிருந்து ஹெரால்டு. கார் வாங்குவது எளிய செயலாக இல்லாத காலம் அது. பல்லாண்டுச் சேமிப்பின் பயனாக வீட்டு வாசலில் வந்து நின்ற வண்டியைத் தந்தையர் தம் உழைப்பின் சான்றாகவே கருதினர். பிள்ளைகளால் அதை எளிதில் பிரிய முடியாதது இயல்பே. ஆயினும் பாசம் ஒன்றே முடிவு செய்யப் போதாது. பின்வருவனவற்றை வரிசையாக எண்ணிப் பார்த்தல் நலம்.

முதலாவது, வண்டி யாருடையது என்பதைத் தெளிதல் வேண்டும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் பிள்ளைகள் அனைவருக்கும் சமம். மணமாகிச் சென்ற மகளுக்கும் மகனுக்குரிய அதே உரிமை உண்டு. ஆகவே கொட்டகை எவர் வீட்டில் இருக்கிறதோ அவருடையதே கார் என்று எண்ணுவது நேர்மையன்று. இதைத் தெளிவாக்காமல் ஒருவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு வண்டியைப் புதுப்பித்துவிட்டால் என்னவாகும்? அதன் மதிப்பு உயர்ந்தபின் உடன்பிறந்தோர் பங்கு கேட்பர்; செலவிட்டவர் மனம் புண்படுவார். காரைப் பற்றி எழுந்த வழக்கு குடும்பத்தைப் பற்றிய வழக்காக மாறும். இப்போதுள்ள நிலையில் அதன் விலை என்ன என்று குடும்பத்துக்கு வெளியே உள்ள அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரைக் கொண்டு மதிப்பிடுங்கள். வைத்துக்கொள்ள விரும்புபவர் மற்றவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். தாயின் பங்கை முதலில் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, ஆவணங்கள். உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் அச்செய்தியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்கத்தில் இதை நினைப்பவர் சிலரே. காலம் கடந்திருப்பினும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் இசைவுக் கடிதம் ஆகியவற்றுடன் அலுவலகத்தை அணுகுங்கள். இறந்தவர் பெயரிலேயே இருக்கும் வண்டியை முறைப்படி விற்கவும் இயலாது, அச்சமின்றிச் சாலையில் ஓட்டவும் இயலாது.

மூன்றாவது, வண்டியின் உண்மை நிலை. பல்லாண்டு நின்ற எஞ்சினை உடனே பேட்டரி மாட்டி இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. எஞ்சின் ஓடிவிட்டால் எல்லாம் சரி என்றும் எண்ணிவிடாதீர்கள். பழைய பெட்ரோல் டாங்கிக்குள் பிசினாகப் படிந்திருக்கும். பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் இறுகியிருக்கும். ஒயர்களை எலி கடித்திருக்கும். இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அக்காலத்து ரப்பர் குழாய்களை அது அரிக்கும். எல்லாவற்றிலும் பெரிய பகை துரு. ஹெரால்டில் தனியான இரும்பு அடிச்சட்டமும் அதன்மேல் திருகாணிகளால் பொருத்திய கூடும் உண்டு. மேலே வர்ணம் மின்னினாலும் அடிச்சட்டம் இற்றுப்போயிருந்தால் வேலை பெரிது. ஆகவே அடியில் படுத்துப் பார்த்த பிறகே முடிவைப் பேச வேண்டும்.

நான்காவது, செலவு. புதுப்பித்தல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியுள்ளன. துரு பரவாமல் தடுத்து உள்ளபடியே காப்பது ஒன்று. பிரேக், டயர், மின்கம்பிகளைச் சீராக்கி ஓடும் நிலைக்குக் கொணர்வது மற்றொன்று. பிரித்துப் போட்டுப் புதிதுபோல் ஆக்குவது மூன்றாவது. இம்மூன்றாவதில் எஞ்சின் வேலையைவிட டிங்கரிங், பெயிண்டிங், குரோமியப் பூச்சு ஆகியவையே பெரும்பணத்தை விழுங்கும். உதிரி பாகங்களைத் தேடி அலைவதில் மாதங்கள் கழியும். செய்த செலவு முழுவதும் விற்கும்போது திரும்ப வருவது அரிது. எனவே லாபத்தை எண்ணிப் புதுப்பிக்க இறங்காதீர்கள். பிள்ளையின் கல்விக் கட்டணமோ தாயின் மருத்துவச் செலவோ காத்திருக்கும் வீட்டில், கடன் வாங்கிக் காருக்கு வர்ணம் பூசுவது தந்தைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஐந்தாவது, பிறகு அதை என்ன செய்யப் போகிறோம்? முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் விதிகள் வந்தன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டுக்குச் செல்லும். ஆயின் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். கடைவீதிக்கும் கோவிலுக்கும் நாள்தோறும் ஓட்ட இயலாது. அன்றாடம் ஓட்ட விரும்பினால் சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுடன் புதுப்பித்துவர வேண்டும். எவ்வழியாயினும் வாரந்தோறும் அதைத் துடைத்து, இயக்கி, காற்றடைத்துப் பேணும் ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். "நாமெல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்ற வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. தம் பெயரைச் சொல்லி ஒருவர் முன்வந்தால், செலவுக்கும் வழி இருந்தால், மனமாரப் புதுப்பியுங்கள். அது நல்ல செயலே. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் காலத்தை அதில் அமர்ந்து அறிவார்கள்.

அத்தகைய ஒருவர் இல்லையெனில் விற்பதில் குற்றவுணர்வு வேண்டாம். தந்தை அந்தக் காரை வாங்கியது ஓடுவதற்காக. அதன் அருமை தெரிந்த ஒருவர் கையில் அது மீண்டும் ஓடுவது, நம் கொட்டகையில் மண்ணோடு மண்ணாவதைவிட மேலன்றோ? விலை கேட்குமுன், வாங்குபவர் அதை என்ன செய்வார் என்று கேளுங்கள். பழைய கையேடு, ஜாக்கி, கருவிப் பை, மூலப் பெயர்ச்சின்னம் ஆகியவற்றை நினைவுக்கென்று கழற்றி வைக்காமல் வண்டியோடு கொடுங்கள். அவையே அதன் மதிப்பு. உங்களுக்குத் தந்தை காரருகே நிற்கும் புகைப்படமும் அவருடைய ஓட்டுநர் உரிமமும் போதும். ஆனால் பெயர் மாற்றம் பதிவாகும்வரை ஓய்ந்துவிடாதீர்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது.

விற்றலும் புதுப்பித்தலும் இரண்டுமே தக்க முடிவுகள். முடிவு செய்யாமல் விடுவதே தவறு. மனிதர் தயங்கும்போது துரு தயங்குவதில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் புதுப்பிக்கும் செலவை உயர்த்தி, விற்கும் விலையைத் தாழ்த்துகிறது. தந்தையின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பிள்ளைகள் அனைவரும் வருவார்கள் அல்லவா? அன்று மதிய உணவுக்குப்பின் மெக்கானிக்கின் மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து அமருங்கள். முதலில் அன்னையைப் பேசச் சொல்லுங்கள். அந்தக் காரில் அதிகம் பயணம் செய்தவர் அவர்தாம்.