இன்வெர்ட்டர் வாங்குமுன் ஒரு கேள்வி



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பால், தயிர், ஐஸ்கிரீம் விற்கும் கடைக்காரருக்கு அது எத்தகைய நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

அதன்பின் நம்மில் பலர் மாடியில் சூரியத் தகடு போட விசாரித்து வருகிறோம். நல்லதுதான். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது வீட்டு இணைப்புக்கு மட்டுமே. கடைக்குத் தனியாக, நம் சொந்தச் செலவில்தான் போட வேண்டும்.

“தகடு இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை” என்று எண்ணுவோர் ஏமாந்து போவார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் சாதாரண வகை இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஓடாது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. குறை சொல்வதற்கில்லை. மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு சேரும் ‘ஹைபிரிட்’ வகை வேண்டும். விலை கூடுதல்.

கூடுதல் பணம் கொடுக்குமுன் கணக்குப் போட வேண்டும். ஃப்ரீசர் 200 வாட், விளக்குகளும் பில் மெஷினும் 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் மணி. பேட்டரி நீடித்து உழைக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். தொடர்ந்து இழுத்தால் 3 மணி நேரம்கூடத் தாங்காது. ஃப்ரீசர் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதையும் இன்வெர்ட்டர் தாங்க வேண்டும். வெள்ளம் வந்த ஊர் நம்முடையது. பேட்டரியைத் தரையில் வைக்கவே கூடாது.

பச்சரிசியா, புழுங்கலா என்று சொல்லாமல் நாம் அரிசி விற்பதுண்டா? இன்வெர்ட்டர் விற்கும் வணிக நண்பர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்பது நமது கருத்து. “கரண்ட் போனால் இது ஓடுமா? எதை, எத்தனை மணி நேரம்?” இந்தக் கேள்விக்கான பதிலை ரசீதிலேயே எழுதிக் கேட்போம். எழுதித் தரத் தயங்கினால் பணத்தைக் கல்லாவிலேயே வைத்திருப்போம்.